1979: வியட்நாம் அகதிக் குடும்பத்தை ஒரு கனடிய சர்ச் ஏற்றுக்கொண்டது எப்படி? நடைமுறை விவரங்கள்

நூலகத்திண்ணை:
1979, 80 இரண்டே ஆண்டுகளில் கனடா 60,000 இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகளை ஏற்றது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அழைத்தது சர்ச்சுகளும் அக்கம்பக்கத்துக் குழுக்களும்தான் என்றும் சொல்கிறார்கள். "அழைத்தது" என்றால் என்ன? என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்? பணம் யார் கையிலிருந்து போனது? விமானம் இறங்கிய மறுநாள் காலை யார் என்ன வேலை செய்தார்கள்? எந்த இடத்தில் இது முறிந்தது? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். புகழுரை வேண்டாம், வேலை நடந்த விதம் வேண்டும்.

பனிவயல்:
சட்டத்திலிருந்து தொடங்குவோம். அது இல்லாமல் மற்றது புரியாது.

கனடாவின் 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 10 ஏப்ரல் 1978இல். 18 வயது நிரம்பிய ஐந்து பேர், குடிமக்களோ நிரந்தர வசிப்பாளர்களோ, ஒன்று சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாம் என்ற வழி அதில்தான் திறந்தது. பொறுப்பு என்றால் ஓராண்டுக்கு, அல்லது குடும்பம் தன் காலில் நிற்கும் வரை. உணவு, வீடு, உடை, அன்றாடச் செலவு, ஊருக்குப் பழக்குவது எல்லாம் குழுவின் தலையில். இது அரசிடம் எழுத்தில் கொடுக்கும் உறுதிமொழி.

இரண்டாவது வழி, அமைப்பு ரீதியான ஒப்பந்தம். 5 மார்ச் 1979இல் மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மெனனைட் மத்தியக் குழு அரசோடு முதல் குடை ஒப்பந்தத்தைப் போட்டது. 1954 முதலே வியட்நாமில் நிவாரணப் பணி செய்துவந்த அமைப்பு அது. கனடாவின் மெனனைட்டுகளில் பலர் 1920களில் ரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள். அதன் பிறகு மற்றத் திருச்சபைகளும் கத்தோலிக்க மறைமாவட்டங்களும் அதே போன்ற ஒப்பந்தங்களைப் போட்டன. பயன் என்னவென்றால், தலைமை அமைப்பு ஒருமுறை ஒப்பந்தம் போட்டுவிட்டால் அதன் கீழுள்ள ஒவ்வொரு ஊர்ச் சபையும் அரசிடம் தன் பணபலத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. சபை தடுமாறினால் தலைமை அமைப்பு தாங்கும். சின்ன ஊர்களில் ஐம்பது குடும்பமே உள்ள சபைகள்கூடத் துணிந்து முன்வந்ததற்கு இந்த ஒரு ஏற்பாடுதான் காரணம் என்பேன்.

இன்னொரு முக்கியமான காகிதம், 1978 டிசம்பரில் வந்த "இந்தோசீன வகுப்பு" விதி. வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வெளியேறி முகாமில் இருப்பவர், ஐ.நா. அகதி வரையறைக்குத் தான் பொருந்துகிறேன் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. விசா அதிகாரியின் ஒரு நேர்காணல் இதனால் பெரிதும் சுருங்கியது. வேகத்தின் ரகசியம் இதில் இருக்கிறது.

கிள்ளான்கரை:
மலேசியப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், அங்கிருந்து பார்த்தால்தான் அவசரம் தெரியும்.

1978 நவம்பரில் ஹாய் ஹோங் என்ற பழைய சரக்குக் கப்பல் சுமார் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. மலேசிய அரசு இறங்க விடவில்லை. கனடா அதிலிருந்து 604 பேரை எடுத்தது. கனடிய மக்கள் தொலைக்காட்சியில் இந்தப் பிரச்சினையைக் கண்டது அப்போதுதான்.

திரெங்கானு கரைக்கு அப்பால் பீடோங் தீவு. ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான். 1979 நடுவில் அங்கே சுமார் 40,000 பேர். கிணற்று நீர் போதாமல் கரையிலிருந்து படகில் தண்ணீர் போனது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் முகாமை நடத்தின. சிங்கப்பூரிலிருந்து கனடிய விசா அதிகாரிகள் படகில் போய், பலகை மேசை போட்டு நேர்காணல் செய்தார்கள்.

அங்கே ஒரு கோப்பு என்பது ஒரு படகு எண்ணும் ஒரு குடும்பப் பட்டியலும். "குடும்பம்" என்று பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. கடலில் பெற்றோரை இழந்த பையனை அண்டை வீட்டார் தம் பிள்ளையாக எழுதியிருப்பார்கள். அண்ணன் மகள் மகளாகியிருப்பாள். பிரித்துவிடுவார்களோ என்ற பயம். கனடாவில் இறங்கிய பின் வயதும் உறவும் ஒத்துவராதபோது சில ஸ்பான்சர் குழுக்கள் "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று மனம் கசந்தன. முகாமின் நிலை தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏரிக்கரை:
கிள்ளான்கரை அண்ணை சொன்னதோட இன்னொரு விசயம். பிறந்த திகதி. வருசம் மட்டும் தெரிஞ்ச ஆக்களுக்கு ஜனவரி 1 எண்டு பதிஞ்சு விட்டவை. சந்திர நாட்காட்டிப்படி வயசு சொன்ன ஆக்களுக்கு ஒண்டு ரெண்டு வயசு கூடிக் குறையும். இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனா பிள்ளையை எந்த வகுப்பில சேர்க்கிறது, ஓய்வூதியம் எப்ப தொடங்கும் எண்டதெல்லாம் அந்தத் திகதியிலதான் தொங்குது. வந்து பல வருசத்துக்குப் பிறகு திருத்தப் போய் அலைஞ்ச ஆக்கள் கனபேர்.

பேர் வரிசையும் அப்பிடித்தான். வியட்நாமில குடும்பப் பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் கடைசியில. கல்யாணம் கட்டினாலும் பொம்பிளையள் தங்கட குடும்பப் பேரை மாத்திறேல்லை. கனடாவில படிவம் நிரப்பின ஆக்கள் கடைசிப் பேரைக் குடும்பப் பேராப் போட்டதால, ஒரே வீட்டில தகப்பனுக்கு ஒரு குடும்பப் பேர், பிள்ளைக்கு இன்னொரு குடும்பப் பேர். வங்கி, பள்ளிக்கூடம், சுகாதார அட்டை மூண்டிலயும் மூண்டு விதம். முதல் கிழமையே ஒரு தாளில எல்லாற்ற பேரையும் சரியான வரிசையில எழுதி, எங்க போனாலும் அந்தத் தாளைக் கொண்டு போன குழுக்களுக்கு இந்தக் கரைச்சல் வரேல்லை.

நூலகத்திண்ணை:
அருமை. ஒரு சபை கையெழுத்துப் போட்ட பிறகு குடும்பம் எப்படிக் கிடைத்தது? அவர்களே தேர்ந்தெடுத்தார்களா?

பனிவயல்:
இரண்டு வகையும் உண்டு. பெயர் குறிப்பிட்டுக் கேட்கலாம், பெரும்பாலும் ஏற்கெனவே வந்தவரின் உறவினர். பெயர் தெரியாத குழுக்கள், "ஆறு பேர் வரை கொள்ளும் வீடு இருக்கிறது, இன்ன ஊர்" என்று எழுதிக்கொடுக்கும். ஒட்டாவாவில் பொருத்தும் மையம் இயங்கியது. முகாமிலிருந்து தந்தியில் வரும் குடும்ப விவரத்தையும் குழுவின் படிவத்தையும் அங்கே இணைப்பார்கள். சபைக்குக் கிடைப்பது சில வரிகள்: பெயர்கள், வயது, மொழி, பழைய தொழில். வருகைக்கு முந்தைய அறிவிப்பு சில நாட்கள்தான், சில சமயம் அதுவும் இல்லை.

"சின்னக் குடும்பம், இரண்டு குழந்தை, கிறிஸ்தவர்கள்" என்று கேட்ட சபைகள் அதிகம். முகாமில் அதிகம் இருந்ததோ பெரிய குடும்பங்களும் தனி இளைஞர்களும். தனி இளைஞர்களை ஏற்க முன்வந்த குழுக்கள் குறைவு. அவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தாலும் தனிமை தின்றுவிட்டது. இரண்டு மூன்று பேரை ஒரே வீட்டில் சேர்த்து வைத்த குழுக்கள் புத்திசாலிகள்.

விமானங்கள் அரசு ஏற்பாடு. 181 சிறப்பு விமானங்கள். எட்மன்டனில் கிரீஸ்பாக் ராணுவக் குடியிருப்பு, மொன்றியலில் லாங்-புவாண்ட், இந்த இரண்டும் இறங்கும் முகாம்கள். அங்கே மருத்துவப் பார்வை, குடிவரவுக் காகிதம், குளிர் உடை, ஓய்வு. அங்கிருந்து பேருந்திலோ உள்நாட்டு விமானத்திலோ சபை இருக்கும் ஊருக்கு. எல்லாரும் நிரந்தர வசிப்பாளர்களாகவே இறங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். மறுநாளே வேலை செய்யச் சட்டத் தடை இல்லை. பயணச் செலவு கடனாக எழுதப்பட்டது, பிறகு தவணையில் திருப்ப வேண்டும். அந்தக் கடனைத் தாங்களே அடைத்துவிட்ட சபைகளும் உண்டு, ஆனால் ஒப்பந்தத்தில் அது கட்டாயம் இல்லை.

ஏரிக்கரை:
வந்து இறங்கின முதல் பத்து நாளைப் பற்றி எழுதுறன். நல்லா நடத்தின குழுக்கள் வேலையைப் பிரிச்சுக் குடுத்தவை: வீடு ஒராள், கணக்கு ஒராள், வைத்தியம் ஒராள், பள்ளிக்கூடம் ஒராள், வேலை தேடுறதுக்கு ரெண்டு பேர், கார் ஓட ஒரு பட்டியல். எல்லாத்தையும் பாதிரியாரும் அவரின்ர மனுசியும் செய்த இடத்தில மூண்டு மாசத்தில ஆக்கள் களைச்சுப் போச்சினம்.

வீடு பாக்கேக்க வாடகையை மட்டும் பாத்தா பிழைக்கும். பஸ் ஓடுற தெருவா, அரிசி வாங்கிற கடை கிட்டவா, வெப்பமாக்கிற செலவு வாடகைக்குள்ளயா வெளியிலயா. தோட்டக்காரர் ஒருத்தர் சும்மா தாற பண்ணை வீட்டை நம்பிக் குடும்பத்தை ஊருக்கு வெளியில விட்டவை, ஒவ்வொரு சின்ன அலுவலுக்கும் கார் அனுப்ப வேண்டி வந்தது. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தில குழுவின்ர கையெழுத்தையும் கேப்பார். போட்டுக் குடுக்கலாம், ஆனா குடும்பத் தலைவரின்ர பேர் முதல்ல இருக்கவேணும். பிறகு வாடகை வரலாறு அவருக்குத்தான் உதவும்.

உடுப்பு. சேர்ச் மண்டபம் நிறையக் குவிஞ்ச உடுப்பில பாதி அளவில்லை, எல்லாம் பெரிசு. சப்பாத்துத்தான் ஆகப் பெரிய பிரச்சினை. பனிச்சப்பாத்தைத் தானமா வாங்காமல், ஆக்கள் வந்தபிறகு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலில போட்டுப் பாத்து வாங்கிறதுக்குக் காசை ஒதுக்கி வைக்கவேணும்.

சாப்பாடு. குளிர்ப்பெட்டி நிறையச் சீஸும் பாலும் பாணும் வைச்ச வீடுகளில அது அப்பிடியே கெட்டுப் போனது. பெரிய அரிசி மூட்டை, மீன் சோஸ், சமையல் எண்ணெய், கோழி, இஞ்சி, உள்ளி, பச்சை மரக்கறி. இவ்வளவும் ஒரு ஆழமான சட்டியும் இருந்தாக் காணும். மின்னடுப்பை எப்பிடி நிப்பாட்டுறது, வெப்பமானியை எங்க வைக்கிறது, புகை மணி அடிச்சா என்ன செய்யிறது எண்டு கையால காட்டிக் குடுக்கவேணும். தாளில எழுதி ஒட்டினாப் போதாது.

மருந்துப்பை:
மருத்துவம் பற்றி யாரும் எழுதவில்லையே.

புறப்படும் முன் மார்பு எக்ஸ்ரே கட்டாயம். நோய் தீவிரமாக இருந்தால் சிகிச்சை முடியும் வரை பயணம் இல்லை. பழைய தழும்பு மட்டும் தெரிந்தால் பயணம் உண்டு, ஆனால் இறங்கியதும் உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் பதிந்து கண்காணிப்பில் இருக்க வேண்டும். கடிதத்தில் "காசநோய்" என்ற சொல்லைப் பார்த்ததும் சில சபைகளில் பீதி. தழும்பு நிலையில் உள்ளவர் யாருக்கும் தொற்ற வைக்க மாட்டார் என்பதை மருத்துவர் ஒருவர் வந்து சபைக் கூட்டத்தில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

குடற்புழு மிகச் சாதாரணம், மருந்தில் தீரும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கர்ப்பிணிகளுக்கு முக்கியம். ரத்தசோகை என்று வந்தால் உடனே இரும்பு மாத்திரை எழுதிவிடக் கூடாது. தென்கிழக்கு ஆசியரிடம் ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா இரண்டும் பரவலாக உண்டு. சிவப்பணு சிறிதாகத் தெரியும், இரும்புச் சத்துக் குறைவே இருக்காது. இது தெரியாத மருத்துவர்கள் மாதக்கணக்கில் இரும்பு கொடுத்திருக்கிறார்கள். பால் குடித்தால் வயிறு ஊதுவது நோய் இல்லை, அவர்களில் பலருக்குப் பால் சர்க்கரை செரிக்காது. பள்ளியில் பிள்ளைகளைப் பால் குடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும்.

மிக முக்கியமானது ஒன்று. காய்ச்சல், உடம்பு வலி என்றால் தைலம் தடவி நாணயத்தின் விளிம்பால் முதுகில் இழுப்பது அங்கே வீட்டு வைத்தியம். சிவப்புக் கோடுகள் விழும், சில நாளில் மறையும். பள்ளியில் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுக் குழந்தைகள் நலத் துறைக்குத் தகவல் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குடும்பம் வந்த வாரமே பள்ளிக்கும் மருத்துவருக்கும் இதைச் சொல்லி வைப்பது சபையின் மருத்துவப் பொறுப்பாளர் வேலை.

ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் அப்போது சுகாதாரக் காப்பீட்டுக்கு மாதப் பிரீமியம் இருந்தது. பல் வைத்தியம் காப்பீட்டில் இல்லை. முகாமிலிருந்து வந்தவர்களின் பல் நிலை மோசம். சபை வரவுசெலவில் இதற்கு இடம் வைக்காதவர்கள் பிறகு திண்டாடினார்கள். உறுப்பினர்களில் ஒரு பல் மருத்துவர் இருந்தால் பெரும் பாக்கியம்.

தெற்குவாசல்:
எல்லாம் சரி, ஒரு கேள்வி. அரசு செய்ய வேண்டிய வேலையைச் சர்ச்சுகள் தலையில் கட்டிவிட்டது என்று இதைப் பார்க்கக் கூடாதா? நல்ல மனசுக்காரர்கள் கொடுக்கக் கொடுக்க அரசு கையை எடுத்துக்கொள்ளாதா?

பனிவயல்:
சரியான கேள்வி. அன்றைக்கே அதே சண்டை நடந்தது.

1979 ஜூலை 18இல் பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசு இலக்கை 50,000ஆக உயர்த்தியது. கணக்கு இப்படி: அரசு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்த 8,000 போக மீதி 42,000. அதில் 21,000 தனியார் ஏற்றால், ஒருவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் அரசும் 21,000 ஏற்கும். சபைகளுக்கு இது பெரிய உந்துதல். நாம் ஒரு குடும்பத்தை எடுத்தால் இன்னொரு குடும்பமும் முகாமிலிருந்து வெளியே வரும் என்ற எண்ணம். ஆண்டு முடிவதற்குள்ளேயே தனியார் உறுதிமொழிகள் 21,000ஐத் தாண்டிவிட்டன. அரசு என்ன செய்தது? தனியார் அதிகமாக ஏற்றதைத் தன் பங்கிலிருந்து கழித்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைக் கம்போடிய நிவாரணத்துக்குத் திருப்புகிறோம் என்று 1979 டிசம்பரில் அறிவித்தது. திருச்சபைகள் கொதித்தன. "நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது உங்கள் பங்கைக் குறைக்கவா?" என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். ஆட்சி மாறிய பின் 1980 ஏப்ரலில் புதிய அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி அரசுக் கணக்கில் 10,000 பேரைக் கூட்டி மொத்தத்தை 60,000ஆக்கினார். கடைசிக் கணக்கு: வந்தவர்கள் 60,049, அவர்களில் தனியார் ஏற்றவர்கள் 32,281, அரசு ஏற்றவர்கள் 25,978, உறவினர் அழைத்தவர்கள் 1,790.

ஆகவே உங்கள் ஐயம் நியாயம்தான். தனியார் ஏற்பது அரசுப் பங்குக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் சபைகள் இறங்கக் கூடாது. அந்தக் கொள்கையைக் கனடியச் சபைகள் இன்றுவரை விடாமல் பிடித்து நிற்பதற்கு 1979 டிசம்பர் ஒரு காரணம்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1975இல் அங்கே வந்த ஏறக்குறைய 1,30,000 பேர் பெண்டில்டன், ஃபோர்ட் சாஃபி, எக்லின், இண்டியன்டவுன் கேப் என்று நான்கு ராணுவத் தளங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். வெளியே வர முக்கிய வழி ஸ்பான்சர் கிடைப்பது. கத்தோலிக்க மாநாடு, லூதரன் குடிவரவுச் சேவை, சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் போன்ற அமைப்புகளுக்கு அரசு தலைக்கு 500 டாலர் கொடுத்தது. அமைப்புகள் ஊர்ச் சபைகளைத் தேடின. சபையின் கடமை தார்மீகக் கடமை மட்டும், கனடாவைப் போல அரசிடம் எழுதிக்கொடுத்த உறுதிமொழி இல்லை. முகாம்களை ஆண்டு முடிவுக்குள் மூட வேண்டும் என்ற அவசரத்தில் ஸ்பான்சரைச் சரியாகப் பார்க்க நேரமில்லை. ஃபோர்ட் சாஃபி கடைசியாக 1975 டிசம்பரில் மூடியது. ஓரிடத்தில் குவியக் கூடாது என்று நாடெங்கும் சிதறடித்தார்கள். சில ஆண்டுகளில் பெருந்தொகையானோர் தாங்களாகவே கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டிக்கும், சான் ஹோசேக்கும், ஹூஸ்டனுக்கும் நகர்ந்துவிட்டார்கள்.

கிள்ளான்கரை:
கனடாவிலும் அதே நகர்வு உண்டுதானே? சின்ன ஊர்ச் சபைகள் அழைத்தவர்கள் டொரண்டோ, மொன்றியல், வான்கூவர், கல்கரி என்று போனார்கள்.

ஏரிக்கரை:
ஓம், போனவை. அதைத் தோல்வி எண்டு எழுதினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். ஊரில வேற வியட்நாம் குடும்பம் இல்லை, கோயில் இல்லை, சொந்த மொழியில கதைக்க ஆளில்லை, ரெண்டு தொழிற்சாலைதான் இருக்கு. அவை ஏன் இருக்கவேணும்? ஒரே ஊரில நாலைஞ்சு சபைகள் பேசி வைச்சு, ஒரே மொழிக் குடும்பங்களைப் பக்கத்தில பக்கத்தில குடியேத்தின இடங்களில ஆக்கள் கூடக் காலம் நிண்டிருக்கினம். ஒரே மொழி எண்டு சொல்லுறது முக்கியம். வந்த ஆக்களில கனபேர் சைகோன் நகரத்தில சீனர் இருக்கிற சோலோன் பக்கத்துச் சீனர். வீட்டில கன்ரனீஸ், தியோச்சூ எண்ட சீனப் பேச்சுகளில ஒண்டைத்தான் பேசுவினம். வியட்நாமிய மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து விட்டால் கிழவிக்கு ஒண்டும் விளங்காது.

முறிஞ்ச இடங்களைப் பாத்தால் பெரும்பாலும் காசுதான் காரணம். தொகை குறைவு எண்டதால இல்லை. காசைக் குழு தன்ர கையில வைச்சுக்கொண்டு, பால் வாங்கவும் கேக்கவேணும் எண்டு வைச்சது. மளிகைப் பட்டியலைச் சரிபாக்கிறது, "ஏன் தங்கச் சங்கிலி வைச்சிருக்கினம்" எண்டு கேக்கிறது, தாய்வானில இருக்கிற மாமிக்குக் காசு அனுப்பினதைக் குற்றமாப் பாக்கிறது. முதல் கிழமையே குடும்பத்தின்ர பேரில வங்கிக் கணக்குத் திறந்து, மாசத் தொகையை முதலாம் திகதி முழுசாப் போட்டு, வாடகையை அவையளே கட்டப் பழக்கின இடங்களில இந்தக் கசப்பு வந்ததில்லை. வேலை கிடைச்சவுடன எவ்வளவு குறைப்பம் எண்டதையும் முன்கூட்டியே பேசி, மொழிபெயர்ப்பாளரை வைச்சு எழுதவேணும். சொல்லாமல் குறைச்சால் ஏமாத்திப்போட்டினம் எண்டுதான் நினைப்பினம்.

ஞாயிறு ஆராதனை அடுத்தது. வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது எண்டு திருச்சபைத் தலைமைகள் சொல்லியிருந்தும், கார் கொண்டுவந்து வாசலில நிப்பாட்டினால் புத்த சமயக் குடும்பம் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லும்? நன்றிக்கடனுக்காகப் போவினம். வருசம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு ஒருத்தரும் வராயினம், சபைக்காரருக்கு மனவருத்தம். விருப்பமான ஆக்கள் தாங்களே கேக்கட்டும் எண்டு விட்டு, கிட்ட உள்ள விகாரையின்ர முகவரியையும் முதல் நாளே குடுத்த சபைகளை நான் மனசார மதிக்கிறன்.

மருந்துப்பை:
பெண்களின் மொழிப் பயிற்சியையும் சொல்ல வேண்டும். படித்தொகையோடு கூடிய அரசு மொழி வகுப்பு, வேலைக்குப் போகிறவருக்கு என்று இருந்ததால் பெரும்பாலும் கணவருக்கே கிடைத்தது. மனைவி வீட்டிலேயே இருந்தார், அல்லது ஆங்கிலம் தேவைப்படாத தையல் தொழிற்சாலைக்குப் போனார். சபைப் பெண்கள் மண்டபத்தின் ஒரு அறையில் வகுப்பும் பக்கத்து அறையில் குழந்தைக் காப்பும் ஒரே நேரத்தில் நடத்திய இடங்களில்தான் தாய்மார்கள் வந்தார்கள். குழந்தைக் காப்பு இல்லாத வகுப்பு இரண்டாம் வாரமே காலியாகிவிடும்.

நூலகத்திண்ணை:
கடைசியாக ஒன்று. ஓராண்டு முடிந்த பிறகு?

பனிவயல்:
காகிதப்படி பொறுப்பு முடிகிறது. நடைமுறையில் அப்போதுதான் அடுத்த வேலை தொடங்குகிறது: வியட்நாமில் விட்டுவந்த பெற்றோர், மனைவி, பிள்ளைகள். 1979 மே 30இல் வியட்நாம் அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் முறைப்படியான வெளியேற்றத்துக்கு உடன்பாடு செய்தன. படகேறாமல் விமானத்தில் வர அது வழி. இங்கிருந்து குடும்ப இணைப்பு விண்ணப்பம் போடலாம், ஆனால் அழைப்பவருக்கு வருமானம் இருக்க வேண்டும், உறவுக்குச் சான்று வேண்டும். விசா நேர்காணலில் முதலில் சொல்லாத பிள்ளையைப் பிறகு அழைப்பது மிகக் கடினம். அதனால் விவரம் அறிந்த சபைகள் முதல் மாதத்திலேயே மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து, அங்கே இருக்கும் ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, முகவரி எல்லாம் எழுதிக் குடிவரவு அலுவலகத்தில் பதிந்துவைத்தன. முகாம் பதிவு அட்டை, படகு எண், திருமணச் சான்று, பழைய குடும்பப் பதிவேடு எதையும் எறியக் கூடாது. ஒளிநகல் எடுத்து ஒரு பிரதி சபைச் செயலரிடம், மூலம் குடும்பத்திடம்.

ஏரிக்கரை:
1986இல ஐ.நா., அகதிகளுக்கு உதவின ஆக்களுக்குக் குடுக்கிற நான்சன் பதக்கத்தைக் "கனடா மக்களுக்கு" எண்டு குடுத்தது. அதே வருசம் ஆகஸ்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு உயிர்காப்புப் படகில நூற்றைம்பதுக்கும் மேல எங்கட இலங்கைத் தமிழ்ச் சனத்தை மீனவர் கண்டெடுத்தவை. வியட்நாம் ஆக்களுக்குப் போட்ட இந்த ஸ்பொன்சர் வழியாலதான் பிறகு வேற நாட்டு அகதிகளும், 3 லட்சத்துக்கும் மேல, வந்திருக்கினம். ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பிக்கிற வழி பிறகும் இருந்தது, 2024 நவம்பர் கடைசியில அந்த வழியில புது விண்ணப்பம் எடுக்கிறதை அரசு தற்காலிகமா நிப்பாட்டினது. அதுக்கு முதலே அந்த வழியில அகதி அங்கீகாரக் கடிதம் கேட்டவை, கால இழுபறியும் கூட. விண்ணப்பிக்க நினைக்கிற ஆக்கள் முதல்ல குடை ஒப்பந்தம் வைச்சிருக்கிற அமைப்பொண்டோட கதைச்சுப் பாருங்கோ. அவையிட்ட ஒதுக்கீடு இருக்கா எண்டதை விசாரிச்சுப்போட்டுத்தான் காசு சேர்க்கத் தொடங்கவேணும்.